பேரம் பேசாமல் வாங்கிய துவக்கு

அருள்நாயகம் இருபத்திரண்டு வருடமாக ஆட்டிறைச்சிப் பங்கு போடுகிறார். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை, விடிய ஆறு மணிக்கு, ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் உள்ள தன் வீட்டிலிருந்து வானை எடுத்துக்கொண்டு ஸ்ரௌவ்வில்லுக்கும் அப்பால் இருக்கும் ஹென்றி என்பவரின் பண்ணைக்குப் போவார். கிடாய் ஒன்றைத் தெரிவு செய்து, விலையைப் பேசி முடித்து, பக்கத்து இறைச்சிக்கூடத்தில் கொடுத்து வெட்டுவித்து, பதினொரு மணிக்குள் தன் கராஜுக்குக் கொண்டுவந்துவிடுவார். நீலப் பொலித்தீன் விரித்த மேசையில் அது பங்குகளாகும்.

அவருக்கு இப்போது அறுபத்தொரு வயது. மார்க்கம் நகரில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சரிபார்ப்பவராக வேலை. செய்து வருகிற இரும்புத் துண்டுகளை அளந்து, மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் ஒதுக்கி வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். அந்தப் பழக்கம் கராஜிலும் இருந்தது. ஈரலைப் பங்குக் கணக்குக்குச் சரியாகத் துண்டு போடுவார். விலா எலும்பு ஒன்று கூடிப்போனால் அதையும் அரிவார். நிறுத்த பிறகு ஒருவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒரு குவியலைக் காட்டி, "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்லுவார். தலை யாருக்கு என்பதும் அப்படித்தான். ஆகையால் இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கராஜில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

விலை பேசுவதில் அவருக்கு ஸ்காபரோ முழுவதும் பெயர் இருந்தது. விற்பவன் விலையைச் சொன்னதும் அவர் பதில் சொல்லமாட்டார். பொருளைப் பார்ப்பார். பிறகு வாசலைப் பார்ப்பார். பிறகு மெதுவாக நடக்கத் தொடங்குவார். வாசலை அடைவதற்கு முன் கடைக்காரன் கூப்பிடுவான். கார், கட்டில், கலியாண மண்டபம் எல்லாவற்றுக்கும் சனம் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒருமுறை சவப்பெட்டி வாங்கப் போன இடத்திலும் அவர் வாசலை நோக்கி நடந்து, முந்நூறு டொலர் குறைப்பித்தார். செத்தவரின் மகனே அதைப் பற்றி மறுவருடத் திவசம் வரைக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

இப்படிப்பட்டவரின் பங்குக்குத்தான் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் ஜஸ்ரின். இருபத்தொன்பது வயதுப் பெடியன். இறைச்சியைக் கழுவி, வெட்டி, காற்றெடுத்த பையில் அடைத்து, வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அருள்நாயகத்திடம் இறாத்தல் பதினொரு டொலர். ஜஸ்ரினிடம் பத்தரை. பதினைந்து குடும்பமாக இருந்த பங்கு பன்னிரண்டாகி, பத்தாகி, அவரோடு சேர்த்து ஒன்பதில் வந்து நின்றது. எட்டுக்குக் கீழே போனால் ஒரு கிடாய் ஆட்களுக்கு அதிகம். ஒருவருடைய பிரீசரிலும் இடம் இராது. பங்கு நின்றுவிடும். சனிக்கிழமைகளில் தான் என்ன செய்வது என்று அருள்நாயகம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மாசியில்தான் ஹென்றி மான்களைப் பற்றி முறைப்பட்டார். இலையுதிர் காலத்தில் அவை வந்து தன் சோளத்தில் பாதியைத் தின்றுவிடுகின்றன என்றார். "உன்னிடம் லைசன்ஸ் இருந்தால் நவம்பரில் வந்து சுடு. சுட்டதை நீயே எடுத்துக்கொண்டு போ. எனக்குக் காசு வேண்டாம்."

இருபத்திரண்டு வருடத்தில் ஹென்றியின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. அருள்நாயகம் அன்றைக்கு ஆட்டுக்கு விலை பேசவும் மறந்து, பிறகு பாதி வழியில் நினைவு வந்து, வானைத் திருப்பிக்கொண்டு போய்ப் பேசினார்.

அடுத்த பங்கில் அவர் கராஜில் விஷயத்தைச் சொன்னார். மான். ஜஸ்ரினால் எந்தப் பையிலும் அடைத்துக் கொடுக்க முடியாத பொருள்.

"மானோ!" என்றார் நவரட்ணம். லிமோ வாடகைக் கார் ஓடி ஓய்வு பெற்றவர். பங்கில் முதல்நாள் தொட்டு இருப்பவர். "அண்ணை, கேக்கவே வாயூறுது. துவக்கு எவ்வளவு வரும்?"

"விசாரிக்க வேணும்."

"ஒன்பது பேர் பிரிச்சா ஆளுக்கு இருபது, இருபத்தைஞ்சு. உதையும் பங்கில வாங்குவம்," என்றார் நவரட்ணத்தின் மனைவி இராஜேஸ்வரி. எல்லோரும் அன்றே இருபது இருபது டொலராக நீட்டினார்கள்.

அருள்நாயகம் சட்டத்தைப் படித்து வைத்திருந்தார். "ஒண்டு சொல்லிப்போட்டன். காட்டு இறைச்சியை விக்கிறது இந்த நாட்டில குற்றம். மான் வந்தா நான் ஒரு சதமும் வாங்கமாட்டன். சும்மாதான் தருவன். வெளியில ஆரும் விலை கதைக்கப்படாது."

"விளங்குது அண்ணை," என்று நவரட்ணம் தலையை ஆட்டினார். அவர் அதை அளவுக்கு அதிகமாகவே விளங்கிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

துவக்கு லைசன்ஸுக்கு ஒருநாள் வகுப்பு. வேட்டைக்கு வேறு வகுப்பு. இரண்டிலும் அவரே ஆகக் கூடிய வயது. துவக்குப் பரீட்சையில் ஐம்பது கேள்விக்கு நாற்பத்தொன்பது சரி. பிழைத்த ஒன்றில் கேள்விதான் பிழை என்று ஆசிரியரோடு இருபது நிமிடம் வாதாடினார். ஆசிரியர் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தும் வேண்டும். வேரோனிக்கா குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவம் முழுவதையும் வாசித்தார்.

"இஞ்சை பாருங்கோ," என்றார். "ஊரிலை இயக்கப் பெடியள் இந்தத் துவக்கைச் சும்மா குடுக்க வீடு வீடாத் திரிஞ்சவங்கள். வேண்டாம் எண்டுதானே கடல் கடந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்து வாங்கப் போறீங்கள்."

அருள்நாயகம் சற்று யோசித்தார். "ஒன்பதாப் பிரிச்சா பெரிசா வராது, வேரோனி."

வேரோனிக்கா பேனையை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "விலையில கழிவு கேப்பீங்கள்தானே?" என்றார்.

"நீர் என்ன கேள்வி கேக்கிறீர்?"

ஐப்பசி தொடங்க முன் லைசன்ஸ் வந்தது. துவக்கு வாங்கப் போகிற நாளை நவரட்ணம் எல்லோருக்கும் அறிவித்திருந்தார். கலியாணக் கூறை எடுக்கப் போவதுபோல் இரண்டு வானில் பதினொரு பேர் போனார்கள். காசு போட்டவர்கள் பொருளைப் பார்க்காமல் விடமுடியாது என்பது எல்லோருடைய எண்ணமும். இராஜேஸ்வரி ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்திருந்தார்.

கடைக்காரர் நரைத்த தாடிக்காரர். அமைதியான மனிதர். அருள்நாயகம் பழைய ஒற்றைக் குழல் துவக்கு ஒன்றைக் காட்டச் சொன்னார். விலைச்சீட்டில் நூற்றெழுபத்தைந்து டொலர் என்றிருந்தது. கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்ததும் பதினொரு பேரும் குனிந்தார்கள்.

"பிடியில ஒரு கீறல் இருக்கு. அதைச் சொல்லிக் குறையுங்கோ," என்றார் ஒருவர்.

"மற்றதையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ. அந்தக் கறுப்பு. இல்லை, அதுக்குப் பக்கத்தில," என்றார் இராஜேஸ்வரி. "எல்லாத்தையும் வெளியில எடுத்துப் போட்டாத்தானே அவனுக்கு விக்க மனம் வரும்."

"இது யாருக்கு?" என்று கடைக்காரர் கேட்டார்.

அருள்நாயகம் வாய் திறப்பதற்குள் நவரட்ணம் தன் லிமோ ஆங்கிலத்தில் விளக்கினார். இது எங்கள் எல்லோருக்கும் சொந்தம். ஒன்பது பங்கு. காசு சேர்த்தாகிவிட்டது. முதல் வருடம் இவர் வீட்டில் இருக்கும். அதற்குப் பிறகு மாறி மாறி.

கடைக்காரர் துவக்கை எடுத்துத் திரும்ப அதன் இடத்தில் மாட்டினார். லைசன்ஸ் இருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர். "மன்னிக்கவும். இன்றைக்கு உங்களுக்கு நான் எதையும் விற்கமாட்டேன்."

மற்றப் பத்துப் பேருக்கும் முகம் மலர்ந்தது.

"தொடங்கீட்டான்," என்றார் நவரட்ணம் தமிழில். "அண்ணை, நடவுங்கோ."

அருள்நாயகத்துக்கு அது வேறு விதமான மறுப்பு என்று பட்டது. ஆனால் பழக்கம் காலில் இருந்தது. அவர் துவக்கைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். நடக்கத் தொடங்கினார். பின்னால் பத்துப் பேரும் நடந்தார்கள். அவ்வளவு மெதுவாக நடந்தும் கடைக்காரர் கூப்பிடவில்லை. வெளியே வந்து வானுக்குப் பக்கத்தில் நின்று, தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்கள்.

"இப்ப கூப்பிடுவான்."

"கொஞ்சம் பொறுங்கோ. ஆளைப் பாத்தா வைராக்கியக்காரன் மாதிரி."

"நூற்றைம்பதுக்கு மேல ஒரு சதமும் ஏறாதேங்கோ அண்ணை."

கால் மணித்தியாலம் கழித்துக் கடைக்காரர் உண்மையாகவே கதவடிக்கு வந்தார். எல்லோரும் கோப்பைகளை மறைத்தார்கள். அவர் உள்ளேயிருந்து கதவைப் பூட்டிவிட்டு, 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் திருப்பி வைத்தார்.

அன்றிரவு அருள்நாயகம் சட்டப் புத்தகத்தை மறுபடி வாசித்தார். கடைக்காரர் செய்தது சரி. ஒருவருக்கு லைசன்ஸ் என்றால் ஒருவருடைய துவக்கு. பிழை தன்னுடையது என்று தெரிந்தவுடன் அவர் தாமதிக்கவில்லை. அடுத்தநாளே எட்டு வீட்டுக்கும் போய் இருபது இருபது டொலரைத் திருப்பிக் கொடுத்தார். துவக்கு தனக்கு, இறைச்சி எல்லோருக்கும் என்றார். நவரட்ணம் காசை வாங்கும்போது, "அப்ப கடைக்கு ஆர் கூட வாறது?" என்று கேட்டார். அருள்நாயகம் அடுத்த வீட்டுக்குப் போகப் படியிறங்கினார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வேறொரு கடைக்குத் தனியாகப் போனார். துவக்குக் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் ரெலிபோன் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. வழியெல்லாம் ஒன்றை மனதில் உருப்போட்டார்: பங்கு என்ற சொல் வரக்கூடாது, கழிவு கேட்கக்கூடாது, வாசலைப் பார்க்கக்கூடாது. நல்ல மனிதன் துவக்கை எப்படி வாங்குவானோ அப்படி வாங்கவேண்டும்.

இங்கே விற்பவள் ஒரு பெண். எங்கே வேட்டை, எத்தனை அடி தூரம் என்று கேட்டாள். அவருடைய கையின் நீளத்தை அளந்தாள். ஒரு துவக்கைக் கொடுத்துக் கன்னத்தோடு வைத்துப் பார்க்கச் சொன்னாள். அது பிடி பெரிது என்று தானே வாங்கிவைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தாள். அளவெடுத்து வேலை செய்கிற ஒருத்தியைக் கண்டதில் அருள்நாயகத்துக்கு மரியாதை வந்தது. மூன்றாவது துவக்கு தோளில் போய் உட்கார்ந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது குறிமுனை நேரே இருந்தது.

"இதுதான் உங்களுடையது," என்றாள். "ஆயிரத்து நூற்றெண்பத்தொன்பது."

பிறகு அவள் பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தை அருள்நாயகம் நாற்பது வருடமாக அறிவார். அதற்குள் குறைந்தது நூற்றைம்பது டொலர் இருந்தது. ஒரு சொல் போதும். வாசல் பக்கம் ஒரு பார்வை போதும். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கடன் அட்டையை நீட்டினார். வரியோடு ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று டொலர் ஐம்பத்தேழு சதம்.

வீட்டில் வேரோனிக்கா கேட்டார்: "ஆரோடை போனனீங்கள்?"

"தனிய."

"எவ்வளவு சொன்னவங்கள்?"

"ஆயிரத்து நூற்றெண்பத்தொன்பது."

"நீங்கள் எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"ஆயிரத்து நூற்றெண்பத்தொன்பது. வரி வேற."

வேரோனிக்கா எழுந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

ஞாயிறு பூசை முடிவதற்குள் செய்தி பரவிவிட்டது. பங்குக்காரர்கள் செத்த வீட்டுக்கு வருவதுபோல் இரண்டு மூன்று பேராக வந்து, குரலைத் தாழ்த்தி, துவக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "அண்ணையின்ரை உடம்புக்கு ஏதேனும் வருத்தமோ, அண்ணி?" என்று நவரட்ணம் வேரோனிக்காவிடம் தனியாக விசாரித்தார். ஆனால் இரண்டு நாளில் அவருடைய எண்ணம் மாறியது. சவப்பெட்டிக்கே விலை குறைத்த மனுசன் சொன்ன விலைக்கு ஒரு துவக்கை வாங்கினார் என்றால் அது விளையாட்டுக்கு வாங்கினதாக இருக்காது. மான் நிச்சயம். இதை அவர் எல்லோருக்கும் ரெலிபோனில் விளக்கினார். பங்கை விட்டு விலகிப்போன ஆறு குடும்பங்களுக்கும் விளக்கினார்.

வேரோனிக்கா துவக்கைத் தன் முறைப்படி பொறுப்பேற்றார். அந்த வீட்டில் சோபாவுக்குப் பதினாறு வருடமாகப் பிளாஸ்ரிக் உறை. ரிவி றிமோட்டுக்கு உறை. வானின் ஆசனங்களில் தொழிற்சாலையிலிருந்து வந்த பொலித்தீன் இன்னும் இருந்தது. ஆயிரத்து முந்நூறு டொலர்ச் சாமானை வெறுமனே வைக்க அவரால் முடியவில்லை. தடித்த பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, முனைகளைச் செலோரேப்பால் ஒட்டி, அதற்கு மேல்தான் உறைப்பையில் போட்டுச் சிப் இழுத்தார். பிறகு அருள்நாயகம் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

நவம்பர் முதல் திங்கள் மான் வேட்டை தொடங்கியது. அருள்நாயகம் ஒரு கிழமை விடுமுறை எடுத்திருந்தார். செம்மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு, ஹென்றியின் சோளக்காட்டு ஓரத்தில், ஒரு மடக்குக் கதிரையில் இருந்தார். திங்கள் ஒரு நரி வந்தது. செவ்வாய் ஒன்றும் வரவில்லை. புதன் இரண்டு வான்கோழி. வியாழன் ஹென்றியே வந்து, அரைமணித்தியாலம் ஆட்டுத் தீனியின் விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஒவ்வொரு பின்னேரமும் நவரட்ணம் ரெலிபோன் எடுத்தார். அவர் கந்தசட்டி விரதம். "அண்ணை, நான் சாப்பாட்டைப் பற்றிக் கேக்கேல்லை. சும்மா கேக்கிறன்."

வெள்ளி பத்து மணிக்கு மழையும் ஐஸ்துகளும் கலந்து கொட்டத் தொடங்கியது. அருள்நாயகம் மடியில் கிடந்த துவக்கைப் பார்த்தார். குழலில் நீர் முத்து முத்தாக நின்றது. மரப்பிடியின் மினுக்கத்தில் ஐஸ்துகள் ஒட்டியது. அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தோட்டாக்களைக் கழற்றினார். வேரோனிக்கா கழற்றித் தந்த பொலித்தீனை அவர் எறியாமல் மடித்து வைத்திருந்தார். மூன்று சுற்றுச் சுற்றி, ஒட்டி, உறைப்பையில் போட்டுச் சிப்பை இழுத்தார். தான் நனைந்துகொண்டு இருந்தார்.

மான் வந்தது. கலைமான். இருபது அடி இடைவெளியில் வந்து நின்று, தலையைக் குனிந்து சோளத் தட்டையைக் கடித்தது. அருள்நாயகம் சிப்பை எட்டங்குலம் திறந்தார். மான் தின்றது. பொலித்தீனின் முனையைத் தேடினார். வேரோனிக்கா ஒட்டினால் ஒட்டினதுதான் என்று அவர் எப்போதும் பெருமைப்படுவார். இப்போது ஒட்டியது அவரே, அதைவிட நன்றாக ஒட்டியிருந்தார். நகத்தால் கிளப்பினார். பொலித்தீன் சரசரத்தது. மான் தலையை நிமிர்த்தி அவரையும் மடியில் இருந்த பொட்டலத்தையும் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல், சோளத்தை மென்றபடி, மரங்களுக்குள் போனது.

அந்த நூற்றெழுபத்தைந்து டொலர்த் துவக்காக இருந்திருந்தால் மழையில் கிடக்க விட்டிருப்பேன் என்று அருள்நாயகம் நினைத்தார்.

சனிக்கிழமை பங்கு நாள். வெறுங்கையோடு போகமுடியாது. வழக்கம்போல விடியப்போய் ஹென்றியிடம் ஒரு கிடாயை வாங்கினார். ஹென்றி சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். ஹென்றி திடுக்கிட்டு, உடம்புக்கு ஏதாவதோ என்று கேட்டார்.

கராஜில் ஒன்பது குடும்பத்துக்குப் பதிலாகப் பதினான்கு குடும்பம் நின்றது. விலகிப்போன ஆறில் ஐந்து திரும்பி வந்திருந்தது. அருள்நாயகம் இறைச்சியை மேசையில் வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"மான் கிடைக்கேல்லை. இது ஆடு. இறாத்தல் பதினொண்டு."

நவரட்ணத்தின் முகத்தில் மெல்லமாக ஒரு சிரிப்பு விரிந்தது.

"ஓம் அண்ணை," என்றார். "ஆடுதான்."

"நவம், நான் உண்மையைச் சொல்லுறன்."

"நாங்கள் வேற என்ன சொல்லுறம்? காசு வாங்கிறதெண்டா ஆடுதானே. சட்டம் எங்களுக்கும் தெரியும்." அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "எல்லாரும் கேட்டனீங்கள்தானே? ஆடு."

"ஆடு, ஆடு," என்றார்கள் எல்லோரும், மாதா கோயில் பூசையில் பதில் சொல்வதுபோல.

இராஜேஸ்வரி குனிந்து மணந்து பார்த்தார். "ஆட்டுக்கு இப்பிடிக் காட்டு மணம் வராது," என்று பக்கத்தில் நின்றவரின் காதில் சொன்னார். காது அருள்நாயகத்துக்கும் கேட்கிற தூரத்தில் இருந்தது.

அருள்நாயகத்துக்குக் கோபம் வந்தது. குளிர்ப்பெட்டியைத் திறந்து கிடாயின் தலையை எடுத்து, கொம்பும் தாடியுமாக, மேசையின் நடுவில் வைத்தார். "இதென்ன? மானோ?"

பதினான்கு குடும்பமும் அந்தத் தலையைப் பார்த்தது. நவரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"தலைக்கும் ஒரு ஆட்டைத் தேடிப் பிடிச்சிருக்கிறார்," என்றார். "அண்ணை, உங்கடை கவனம் இந்த ரொறன்ரோவில ஒருத்தருக்கும் வராது."

ஆளுக்கு மூன்று இறாத்தல் சொச்சம்தான் வந்தது. ஒருவரும் குறைவென்று சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் தொட்டு ரெலிபோன் அடித்தது. மெதுமை என்றார்கள். ஊரில் வன்னிக் காட்டில் தின்ற அதே மான் ருசி என்றார்கள். வன்னியைக் கண்ணாலும் காணாத ஒருவரும் சொன்னார். மானை ஆட்டு விலைக்குக் கொடுக்க அருள்நாயகம் ஒருவரால்தான் முடியும் என்றார்கள். ஒருவர் இறாத்தலுக்கு இரண்டு டொலர் கூட்டித் தருவதாகச் சொன்னார். அருள்நாயகம் ஆட்டுக்கு ஆட்டு விலைதான் என்று மறுத்தார். அந்த மறுப்பும் மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

"நீங்கள் சொல்லிப்போட்டீங்கள்தானே," என்றார் வேரோனிக்கா. "நம்பாதது அவையின்ரை பாடு. பதினாலு பேர் வந்தாச்சு. விடுங்கோவன்."

அவர் விட்டுப் பார்த்தார். தொழிற்சாலையில் இரும்புத் துண்டுகளை அளக்கும்போது அது மனதில் திரும்பத் திரும்ப வந்தது. அளவில் பிழைத்த ஒரு துண்டு தன் கையொப்பத்தோடு வெளியே போனதுபோல் இருந்தது. ஆடு என்று நிரூபிக்க அவரிடம் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம்: அந்த வெள்ளிக்கிழமைப் பொலித்தீன். அதைச் சொன்னால் நம்புவார்கள். நம்பினால் ஐந்து குடும்பமும் போகும். அதோடு இன்னும் இரண்டு பேர் போனாலும் பங்கு முடிந்தது. விலை தெரிந்த மனுசன் என்ற பெயரும் அதோடு போகும்.

அடுத்த பங்குக்குப் பதினாறு பேர் வந்தார்கள். பதினாறாவது ஆள் ஜஸ்ரின். கராஜ் கதவடியில் தயங்கி நின்றான்.

"அங்கிள், என்ரை கஸ்ரமர்ஸ் எல்லாம் இஞ்சதான் நிக்கினம். சீரியஸா, எனக்கும் ஒரு பங்கு போடுங்கோ. கோட்." ஆட்டை ஆங்கிலத்தில் கோட் என்றபோது இரண்டு கை விரலாலும் காற்றில் மேற்கோள் குறி போட்டுக் காட்டினான்.

அருள்நாயகம் கத்தியைக் கீழே வைத்தார். "எல்லாரும் கேளுங்கோ," என்றார். வெள்ளிக்கிழமை நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். மழை தொடங்கிய நேரம், துவக்கு நனைந்தது, தோட்டாவைக் கழற்றியது, பொலித்தீன், மூன்று சுற்று, செலோரேப், சிப், இருபது அடியில் மான். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கண்ணடிக்கவும் இல்லை. வானின் ஆசனங்களில் பொலித்தீன் போட்டு ஓடுகிறவர்கள் அவர்கள். கேட்ட உடனேயே நம்பினார்கள்.

"பின்னை?" என்றார் இராஜேஸ்வரி கடைசியில். "ஆயிரத்து முந்நூறு டொலர்ச் சாமானை ஆர் மழைக்கை நனைய விடுவான்?"

"நானெண்டா பத்து மணி மட்டும் பொறுத்திருக்கவும் மாட்டன்," என்றார் நவரட்ணம். "முகிலைக் கண்ட உடனை உள்ளுக்கை வச்சிருப்பன்."

"அப்ப போன முறை நாங்கள் தின்றது?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஆடு," என்றார் அருள்நாயகம்.

ஜஸ்ரின் தன் ரெலிபோனைப் பார்த்தான். "கோட் எண்டா என்னட்டைப் பத்தரை," என்றான் மெதுவாக. இரண்டு மூன்று தலைகள் அவன் பக்கம் திரும்பின. அருள்நாயகம் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். திரும்பி வந்த ஆறும் போனால் மிச்சம் ஒன்பது. அந்த மூன்றும் போனால் ஆறு.

நவரட்ணம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவர் கணக்குப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அண்ணை, துவக்கு நனைஞ்சு பழுதாப் போகேல்லையே?"

"இல்லை."

"ஒரு வெடியும் வைக்கேல்லை?"

"இல்லை. புதுசு மாதிரித்தான் இருக்கு."

"அப்ப ஆயிரத்து முந்நூறு டொலரும் அப்பிடியே கிடக்குது." நவரட்ணம் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "அவ்வளவு காசு குடுத்து வாங்கின துவக்கு சும்மா கிடக்குமே? வாற நவம்பர் மான் விழும். இந்த வருசம் விட்டதும் சேர்த்து விழும். வருசம் முழுக்க ஆட்டுப் பங்கில நிண்டவைக்குத்தான் மான். இடையில போய் வாறவைக்கு இல்லை. அண்ணை, என்ரை பேரை எழுதுங்கோ."

"எங்கடையையும் எழுதுங்கோ," என்றது பின்னால் கேட்ட அதே குரல்.

அருள்நாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மான் விழும் என்று தான் உறுதி சொல்லவில்லை என்று சொன்னார். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பதினைந்து பெயர் ஆகியது. ஜஸ்ரின் கதவடியிலிருந்து இரண்டடி உள்ளே வந்து, "அங்கிள், நானும்," என்றான். அருள்நாயகம் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் எழுதினார்.

"ஆனால் மழைக்கு ஒரு வழி பாக்க வேணும்," என்றார் இராஜேஸ்வரி. "துவக்குக்கு மேல பிடிக்கிற மாதிரி ஒரு பெரிய குடை."

"கோல்ஃப் விளையாடுறவை வச்சிருக்கிறது. அது பெரிசு."

"எவ்வளவு வரும்?"

"எழுபது சொல்லுவாங்கள். மார்க்கத்தில ஒரு கடையில ஐம்பத்தைஞ்சுக்கு எடுக்கலாம்."

"நாலா வாங்கினா நாற்பதுக்குத் தருவான்."

"நாலு என்னத்துக்கு?"

நவரட்ணம் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். பிறகு சட்டம் தெரிந்த மனுசனிடம் திரும்பினார்.

"அண்ணை, குடைக்கு லைசன்ஸ் தேவையில்லைத்தானே?"

"இல்லை," என்றார் அருள்நாயகம்.

"அப்ப அதைப் பங்கில வாங்குவம்."

எல்லோரும் பணப்பையை எடுத்தார்கள்.